பத்துப் பெண்களும் ஓர் அடுப்பும்

ஈரான் நாட்டுத் தெருக்களில் ரொட்டித் துண்டு ஒன்று தரையில் கிடந்தால், பெரியவர்கள் அதை மிதித்துக் கடப்பதில்லை. குனிந்து எடுத்து, முத்தமிட்டு, பறவைகளேனும் உண்ணட்டும் என்று சுவரோரம் வைத்துவிட்டுச் செல்வது அங்கே நெடுநாள் வழக்கம். ஒரு துண்டு ரொட்டிக்கு இத்தனை மரியாதை எங்கிருந்து வந்தது? விடை தேட, அந்த ரொட்டி பிறக்கும் வீட்டு அடுப்படிக்கே நாம் செல்ல வேண்டும்.

பாரசீகச் சிற்றூர்களில் ரொட்டி சுடும் அடுப்புக்குத் 'தனூர்' என்று பெயர். களிமண்ணால் செய்த பெருங்குடம் போன்றது அது. இச்சொல் மிகப் பழையது. அக்காதிய மொழியில் 'தினூரு', எபிரேயத்தில் 'தன்னூர்', இந்தியில் 'தந்தூர்'. நம் ஊர் உணவு விடுதிகளில் வழங்கும் 'தந்தூரி'யும் இச்சொல்லின் வழிவந்ததே. 'நான்' என்னும் பெயரும் பாரசீகச் சொல்தான். அம்மொழியில் அதற்கு ரொட்டி என்றே பொருள்.

மெல்லிய ரொட்டியாகிய 'லவாஷ்' சுடுவது ஒருவரால் ஆகும் வேலையன்று. கோதுமை மாவும் நீரும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, உருண்டைகளாக்கி, சற்று ஆறவிடுவர். ஒருத்தி தேய்ப்பாள், மற்றொருத்தி அதை விரித்து மெத்தை போன்ற திண்டின்மேல் பரப்புவாள், மூன்றாமவள் கனன்றுகொண்டிருக்கும் அடுப்பின் உட்சுவரில் அதை அறைந்து ஒட்டுவாள். நொடிப்பொழுதில் வெந்துவிடும். பல நாளுக்குப் போதுமானதை ஒருசேரச் சுட்டு உலர்த்தி வைப்பர். உண்ணும்போது நீர் தெளித்துத் துணியில் சுற்றிவைத்தால் மீண்டும் மென்மையாகிவிடும்.

இதை அறிந்தபின் விவிலியத்தின் ஓர் இடம் நமக்கு வேறு விதமாகப் புரிகிறது. பத்துப் பெண்கள் ஒரே அடுப்பில் அப்பம் சுட்டு, அதை நிறுத்துக் கொடுப்பர் என்று லேவியர் நூல் 26ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. அங்கே அடுப்பைக் குறிக்கும் சொல்லும் 'தன்னூர்' என்பதே. பலர் கூடி அப்பம் சுடுவது மகிழ்ச்சிக்குரியதுதானே என்று நாம் எண்ணலாம். ஆனால் பத்து வீட்டு மாவுக்கும் ஓர் அடுப்பே போதும் என்றால், மாவு எவ்வளவு சுருங்கியிருக்க வேண்டும்! அது பஞ்சத்தின் சித்திரம்.

அச்சித்திரத்தைப் பாரசீக மக்கள் தம் வரலாற்றிலும் கண்டனர். முதல் உலகப் போரில் நடுநிலை வகித்தும் அந்நாடு படைகளின் களமாயிற்று. 1917 முதல் 1919 வரை பெரும் பஞ்சம் எண்ணற்றோரை மடித்தது. மீண்டும் 1941 ஆகஸ்டில் பிரித்தானிய, சோவியத் படைகள் புகுந்தன. போக்குவரத்து போருக்குப் பயன்பட்டது, தானியம் பதுக்கப்பட்டது. 1942 டிசம்பர் 8 அன்று தெகரான் மக்கள் ரொட்டி கேட்டு நாடாளுமன்றத்தின் முன் திரண்டனர். கடைகள் சூறையாடப்பட்டன, தலைமையமைச்சர் அகமது கவாமின் வீடு தீக்கிரையானது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. அந்நாள்களைக் கண்ட தலைமுறையினர் தரையில் கிடக்கும் துண்டை மிதிப்பார்களா?

ரொட்டி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் பின்னாளில் எழுந்தது. 2014இல் யுனெஸ்கோ நிறுவனம் லவாஷைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஆர்மீனியாவின் பெயரால் சேர்த்தது. 2016இல் ஈரான், அசர்பைஜான், துருக்கி, கசகஸ்தான், கிர்கிஸ்தான் ஆகிய 5 நாடுகளின் பெயரால் மற்றொரு பதிவு வந்தது. அதில் ரொட்டி சுடுவது மட்டுமன்றி, அதைப் பகிரும் பண்பாடும் சேர்த்தே போற்றப்பட்டது. எல்லைக்கோடுகள் மாவின்மேல் நிலைப்பதில்லை என்பதை இவ்விரு பதிவுகளும் சேர்ந்தே உணர்த்துகின்றன.

1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் நாட்டைவிட்டுச் சென்ற ஈரானியர் பலர், அயல்நாட்டு அடுக்ககங்களில் 'பர்பரி' ரொட்டி சுடுகின்றனர். தனூர் இல்லை, மின்னடுப்பில் தட்டையான கல்லைச் சூடாக்கிக்கொள்கின்றனர். மாவை நீளமாக இழுத்து, விரல்களால் வரிகள் பதித்து, காய்ச்சிய மாவுக்கூழ் பூசி, எள் தூவுகின்றனர். அடுப்பு மாறிற்று; சுட்டதைப் பிட்டுப் பகிரும் கைகள் மாறவில்லை.

அன்றாட உணவுக்காக நாள்தோறும் மன்றாடுகிறோம் நாம். நம் மேசையினின்று விழும் துண்டுக்கு நாம் குனிகிறோமா?