கூட்டுக்குழல் வேட்டைத் துப்பாக்கிக்கான தோட்டா

கூட்டுக்குழல் வேட்டைத் துப்பாக்கி என்பது புரியிட்ட குழலையும் புரியில்லாத குழலையும் ஒரே கட்டையில் இணைத்துச் செய்யப்படும் துப்பாக்கி ஆகும். புரியிட்ட குழல் ஒற்றைக் குண்டைச் சுடும். மற்றது சிறு ரவைகளைச் சிதறடிக்கும். செருமனியிலும் ஆஸ்திரியாவிலும் ஒரே நாள் வேட்டையில் முயலும் காட்டுப்பன்றியும் எதிர்ப்படக்கூடும் என்பதால் அந்நாடுகளில் இவ்வகை செல்வாக்குப் பெற்றது. மூன்று குழல்கள் கொண்டது டிரில்லிங் எனப்படும். இரு குழல்களும் ஒரே அளவில் புரியிட்டவையாக இருந்தால் அது இரட்டைப் புரிக்குழல் துப்பாக்கி ஆகும். இவற்றில் 3 கிலோகிராம் அளவிலான இலகு வகைகளுக்குத் தோட்டாவைத் தெரிவு செய்யும்போது, விலங்கின் பருமனைவிடத் துப்பாக்கியின் தாங்குதிறனே முதலில் கருதத்தக்கது.

விளிம்பும் அழுத்தமும்

இத்துப்பாக்கிகள் கீலில் மடிந்து திறப்பவை. சுட்டபின் வெற்றுக்கூட்டை வெளியே இழுக்க, அதன் அடியில் புடைத்த விளிம்பு இருப்பது வசதியானது. விளிம்பற்ற தோட்டாவுக்கு வில்லுடன் கூடிய சிறு கொக்கி தேவைப்படும். அது அழுக்கிலும் குளிரிலும் அத்தனை நம்பகமானதன்று. செருமானியத் தோட்டாப் பெயர்களின் இறுதியில் வரும் 'ஆர்' என்னும் எழுத்து விளிம்பைக் குறிக்கும்.

மடக்கு அமைப்பு, தாழ்ப்பாள் வகைத் துப்பாக்கியைப் போல அதிக அழுத்தத்தைத் தாங்குவதில்லை. எனவே விளிம்புள்ள தோட்டாக்களுக்குக் குறைந்த அழுத்த வரம்பே வகுக்கப்பட்டுள்ளது. பன்னாட்டுத் தரப்படி 7×57 தோட்டாவின் உச்ச அழுத்தம் 390 மெகாபாஸ்கல். அதன் விளிம்புள்ள இணையான 7×57 ஆர் தோட்டாவுக்கு 340 மெகாபாஸ்கல். வில்ஹெல்ம் பிரென்னெக்கே 1917-இல் வெளியிட்ட 7×65 ஆர் தோட்டாவுக்கு இது 380 மெகாபாஸ்கல். எடையைக் குறைக்க அலுமினியக் கலப்புலோகத்தில் சட்டம் அமைந்த துப்பாக்கிகளில், குறைந்த அழுத்தமுள்ள தோட்டாவே நீண்ட நாள் உழைப்புக்கு உகந்தது.

பின்னுதைப்பு

உந்த அழிவின்மை விதிப்படி, குண்டும் வெடிவாயுவும் முன்னே எடுத்துச் செல்லும் உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. 9.3×74 ஆர் தோட்டாவில் 18.5 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 700 மீட்டர் வேகத்தில் செல்லும். வெடிமருந்தை 3.9 கிராம் என்றும் வாயுவின் வேகத்தை நொடிக்கு 1200 மீட்டர் என்றும் கொண்டால், 3 கிலோகிராம் துப்பாக்கியில் பின்னுதைப்பு ஆற்றல் ஏறத்தாழ 52 ஜூல் ஆகிறது. 4 கிலோகிராம் துப்பாக்கியில் அது 39 ஜூலாகக் குறையும். 9 கிராம் குண்டுள்ள 7×57 ஆர் தோட்டாவுக்கு இதே வகைக் கணக்கில், 3 கிலோகிராம் துப்பாக்கியிலும் 19 ஜூல் மட்டுமே. உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடுபவரின் குண்டு விலங்கைக் காயப்படுத்திவிட்டுப் போகும். ஆதலால் பெரிய தோட்டா எப்போதும் இரக்கமான தோட்டா ஆகாது.

சாவர் நிறுவனம் செருமானிய வான்படைக்காக 1941-42-இல் தயாரித்த எம்30 டிரில்லிங்கில், 12 கேஜ் குழல்கள் இரண்டின் கீழே 9.3×74 ஆர் குழல் அமைந்திருந்தது. பாலைவனத்தில் வீழ்ந்த விமானி உயிர் பிழைப்பதற்கு இது தேவைக்கு மீறிய ஆற்றல்தான்.

சட்டமும் விலங்கும்

செருமானியக் கூட்டாட்சி வேட்டைச் சட்டப்படி, ரோ மானைச் சுடும் தோட்டாவுக்கு 100 மீட்டர் தொலைவில் குறைந்தது 1000 ஜூல் ஆற்றல் வேண்டும். செம்மான், காட்டுப்பன்றி முதலிய பிற குளம்பு விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மி.மீ. விட்டமும் 2000 ஜூல் ஆற்றலும் தேவை. 7×57 ஆர் இவ்வரம்பைத் தாண்டிவிடுவதால், இலகுவான டிரில்லிங்கிற்கு அது போதுமானது. நீண்ட தொலைவில் சுடும் மலைவேட்டைக்கு 7×65 ஆர் பொருந்தும். 9.3×74 ஆர் எடை கூடிய இரட்டைப் புரிக்குழல் துப்பாக்கிக்கே உரியது.

எட்டு மில்லிமீட்டர் குழப்பம்

பழைய துப்பாக்கி வாங்குவோர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டியது 8×57 வகையிலாகும். 1888-ஆம் ஆண்டின் செருமானியப் படைத்தோட்டாவில் குண்டின் விட்டம் ஏறத்தாழ 8.1 மி.மீ. 1905-இல் ஏற்கப்பட்ட கூர்முனைக் குண்டின் விட்டம் 8.2 மி.மீ. வேட்டைத் துப்பாக்கி செய்வோர் அதன்பின்னும் பல ஆண்டுகள் பழைய அளவில் குழல்களைச் செய்து வந்தனர். 8×57 ஐ.ஆர். என்பது பழைய அளவு, 8×57 ஐ.ஆர்.எஸ். என்பது புதியது. தடித்த குண்டைச் சிறிய குழலில் சுட்டால் அழுத்தம் அபாயகரமாக உயரும். தோட்டாக்கூடு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், தவறான தோட்டாவும் அறையில் தடையின்றி நுழைந்துவிடக்கூடும். குழலின் முத்திரையைப் படிப்பதோடு நில்லாமல், துப்பாக்கிக் கம்மியர் ஒருவரைக் கொண்டு குழலின் உள்விட்டத்தை அளப்பதே பாதுகாப்பானது.

குழல்களின் ஒத்திசைவு

இரட்டைப் புரிக்குழல் துப்பாக்கியில் இரு குண்டுகளும் ஒரே இடத்தில் படுமாறு தயாரிப்பாளர் குழல்களைக் குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்கே இசைவித்திருப்பார். குண்டின் எடையோ வேகமோ மாறினால் அவை விலகிப்படும். முழுநீளமும் பற்றவைத்த குழல்கள் அடுத்தடுத்துச் சுடும்போது சூடேறி வளைவதும் உண்டு.

ஈயமற்ற குண்டுகளால் இச்சிக்கல் இப்போது கூடியுள்ளது. செருமனியின் சில மாநிலங்கள் வேட்டையில் ஈயக்குண்டுகளைத் தடை செய்துள்ளன. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. எனவே அதே எடையில் குண்டு நீளமாகிவிடும். பெரும்பாலும் எடை குறைந்த குண்டே தெரிவு செய்யப்படுகிறது. ஈயத்துக்கு இசைவித்த பழைய துப்பாக்கியில் இதைப் பயன்படுத்துவதற்கு முன், இரு குழல்களையும் இலக்கில் சுட்டுப் பார்ப்பது அவசியம். தேவையானால் மீண்டும் இசைவிக்க வேண்டும். ரவைக்குழலுக்கும் விதி மாறியுள்ளது: 2023 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவைகளைச் சுடுவதற்குத் தடை நடைமுறையில் உள்ளது.