ஊவாப் பாறைகளில் போதிசத்துவ உறுதி

ஊவா மாகாணத்தின் பதுளை நகரிலுள்ள முதியங்கன விகாரை, இலங்கைப் பௌத்தர் போற்றும் பதினாறு தலங்களுள் ஒன்று. புத்தர் இங்கு எழுந்தருளினார் என்பது மரபு. ஆயினும் இப்பகுதியின் பௌத்தக் கலைக்கும் தியானத்துக்கும் இருந்த உறவை அறிய, மலையிறங்கி மொனராகலை மாவட்டத்துக்குச் செல்லவேண்டும்.

வினையின் வேர் சேதனை, அதாவது செய்பவரின் எண்ணம், என்பது பௌத்தத்தின் அடிப்படை. தேரவாதத் தியானி அந்த எண்ணம் எழும் கணத்திலேயே அதைக் கவனிக்கப் பழகுகிறார். மகாயானம் அதை ஒரு பேருறுதியாக வளர்த்தது: எல்லா உயிர்களின் துயரும் தீரும்வரை அவற்றை விட்டுப் பிரியேன் என்பது போதிசத்துவரின் உறுதி. ஊவாவின் சிற்பிகள் இந்த உறுதியையே கண்முன் நிறுத்தினர் என்பது என் முடிபு.

7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை மொனராகலை மாவட்டத்தின் மாலிகாவில புத்தரும், கருணையின் போதிசத்துவரான தம்பேகொட அவலோகிதேசுவரரும். ஏறத்தாழ 11 மீட்டர் உயரமுள்ள அந்தப் புத்தர், பாறையை ஒட்டி நில்லாத தனிச்சிலை. போதிசத்துவரும் 10 மீட்டர் அளவில் தனித்தே நிற்கிறார். புத்தருக்குத் துணையுருவாகச் சிறுக்காமல், தமக்கென ஒரு பீடத்தில், ஏறக்குறைய நிகரான உயரத்தில் நிற்பது கவனத்துக்குரியது. உறுதி பூண்டவரே தியானப் பொருளாகிறார். காட்டில் உடைந்து கிடந்த இச்சிலைகள் 1990ஐ ஒட்டி மீண்டும் நிறுத்தப்பட்டன.

வெல்லவாயவுக்கு அருகிலுள்ள புதுருவகலவில் நிலை மாறுகிறது. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இத்தலத்தில், ஒரே பாறையில் ஏழு உருவங்கள் உள்ளன. நடுவில் 51 அடி உயரப் புத்தர், வலக்கையில் அபய முத்திரை. ஒருபுறம் வெண்சாந்து பூசிய அவலோகிதேசுவரர், அருகே தாரை. மறுபுறத்து மூவருள் நடுவில் நிற்பவர் வருங்காலப் புத்தரான மைத்திரேயர் என்பர். வச்சிரம் ஏந்தியவர் வச்சிரபாணி. கருணை, காத்திருப்பு, ஆற்றல் என ஓர் உறுதியின் முகங்களே இங்கு பிரிந்து நிற்பதாக நான் காண்கிறேன். புத்தரில் தொடங்கும் பார்வை இருபுறமும் நகர்ந்து மீண்டும் புத்தரிடமே வருகிறது. அஞ்சேல் என்னும் கைக்குப் பின்னுள்ள எண்ணம் எது என்பதற்கு, சூழ நிற்பவர்களே விடை.

அந்த வச்சிரம் குறிக்கும் வச்சிரயான மரபு இங்கு வந்த வழியில் தென்னகத்துக்கும் பங்குண்டு. காஞ்சியோடு தொடர்புடைய வச்சிரபோதி, இலங்கையின் அபயகிரி விகாரையில் தங்கியபின் 720 அளவில் சீனம் சேர்ந்தார். முதலாம் சேனன் காலத்தில் (833–853) வச்சிரயானக் கொள்கை தீவில் பரவியதைச் சிங்கள நூலான நிகாய சங்கிரகம் கண்டிக்கிறது. அந்தக் கண்டனமே அதன் செல்வாக்குக்குச் சான்று.

12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு சங்கத்தைத் தேரவாத மகாவிகார மரபின்கீழ் ஒன்றிணைத்தபின் மகாயானம் தளர்ந்தது. அவலோகிதேசுவரர் நாத தெய்வமாகக் காவல் பணி ஏற்றார். உறுதியோ கண்டி மரபு ஓவியங்களுக்குள் புகுந்தது: தீபங்கர புத்தர் மிதித்துச் செல்லச் சேற்றில் உடலைக் கிடத்தி, தாமும் புத்தராவேன் என எண்ணங்கொள்ளும், பின்பு கௌதம புத்தராகும் சுமேதர். பல நூறாயிரம் பிறவிகளின் வினை அந்த ஓர் எண்ணத்திலிருந்து புறப்படுவதை, வரிசை வரிசையாகச் சுவரில் படிக்கலாம்.

மீண்டும் ஊவாவின் பாறைகளுக்கு வந்தால், பண்டாரவளை–பதுளை வீதியில் உள்ள தோவ விகாரையின் முற்றுப்பெறாத, சுமார் 38 அடி உயரப் புத்தரை மரபு வலகம்பா மன்னனோடு இணைக்கிறது. சிற்பநடை அவன் ஆண்ட கி.மு. 1ஆம் நூற்றாண்டுக்கு இடந்தராது. துணையுருவங்கள் இல்லாத இதைப் புதுருவகல வரிசையில் சேர்க்கவும் தயங்குகிறேன்.

தமிழ் வாசகருக்கு மற்றொரு சான்று முக்கியமானது. 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரர், அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்கிறார். பூனாகலை, கொஸ்லந்தைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வெல்லவாய வரும் தமிழர், புதுருவகலவின் வெண்சாந்து உருவில் காண்பது அந்த ஆசானைத்தான்.