றேடாரும் மழைத்துளியும்

1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 5ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, றேடாரின் முன்னறிவிப்புக் கிட்டவில்லை. நான்கு நாட்களின் பின் திருகோணமலை றேடார் நிலையம் பகைவர் வரவை முன்கூட்டியே கண்டது. காவல் விமானங்கள் வானேற நேரங் கிடைத்தது. அன்று றேடார் தேடியது விமானத்தின் உடலையே.

அப்போர்க்காலத்தில் வழக்குக்கு வந்த 10 சதமமீற்றர் அலைநீளக் கருவிகளில் மழையும் எதிரொலித்தது. கருவியாளர் அதனைத் தொல்லையெனக் கருதினர். போர் முடிந்தபின் வானிலை அறிஞர் அவ்வெதிரொலியையே ஆராயலாயினர். 1948இல் மார்ஷல், பாமர் என்னும் இருவர் துளிகளின் பருமனுக்கும் மழைவீழ்ச்சிக்குமுள்ள தொடர்பை வகுத்தனர்.

இவ்வறிவு பிறிதொரு தேவைக்கும் உதவிற்று. 1970இல் போயிங் 747 பயணிகள் சேவைக்கு வந்தபின் ஓர் இடர் பெரிதாயிற்று. பெருவிமானத்தின் இறக்கைகள் எதிரெதிராகச் சுழலும் இரு காற்றுச் சுழிகளை விட்டுச் செல்கின்றன. பின்வரும் சிறு விமானத்தை அவை புரட்டவல்லன. தெளிந்த வானில் லேசர்க் கருவி அவற்றை அளக்கும். மழையில் அதன் ஒளி தளரும். அங்கே றேடார் துணையாகின்றது. சுழியில் அகப்பட்ட துளிகளின் வேகத்தை, 1842இல் டொப்ளர் கூறிய விதிப்படி, திரும்பும் அலையின் மாற்றத்தால் அது அறிகின்றது. பெருந்துளிகள் காற்றின் போக்கை முற்றாகப் பின்பற்றாமையால், அவ்வேறுபாட்டைக் கணித்து நீக்குதல் வேண்டும்.

சுழியின் வலிமை அறியப்பட்டாலன்றி விமானங்களுக்கிடையே விடவேண்டிய தூரத்தைத் துணிந்து வரையறுத்தல் இயலாது. இரு பருவக்காற்றின் மழையையும் பெறும் இலங்கைக்கு இவ்வாராய்ச்சி அயலானதன்று. முன்னர் றேடாரின் கண்ணை மறைத்த மழையே இன்று கண்ணுக்குப் புலனாகாக் காற்றை அதற்குக் காட்டுகின்றது.