டிரேமைக் கைவிட்டது யார்? இன்டெல்லின் 1985 முடிவும் தலைமைக்கு உரிய பங்கும்

தொழில்நுட்ப நிறுவனத்தின் வெற்றியில் தலைமைச் செயல் அதிகாரிக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் எழும்போதெல்லாம் தலைமையின் பக்கம் நிற்போர் எடுத்து வைக்கும் முதல் சான்று இன்டெல். அந்நிறுவனம் தன்னை வளர்த்துவிட்ட டிரேம் நினைவகச் சில்லுத் தொழிலை 1985இல் உதறிவிட்டு நுண்செயலிக்கு மாறியது. அந்தத் துணிவு தலைவருடையது. ஆகவே பின்வந்த வெற்றியும் அவருடையதே என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்பு இதை ஏற்பதில்லை. மாற்றம் கீழ்மட்டத்தில் முன்பே நடந்து முடிந்துவிட்டது, தலைவர்கள் ஒப்பம் வைத்தார்கள், அவ்வளவுதான் என்கிறது. இரு தரப்புக்கும் முதன்மை மூலம் ஒன்றுதான்: இன்டெல்லின் ஆண்ட்ரூ குரோவ் 1996இல் வெளியிட்ட ‘ஒன்லி த பேரனாய்ட் சர்வைவ்’. ஆளுக்கொரு பத்தியைப் பிய்த்தெடுக்காமல் அந்நூலைத் தொடர்ச்சியாகப் படித்தால் இரண்டு முடிவுகளும் நிற்பதாகத் தோன்றவில்லை.

அதிகம் எடுத்தாளப்படும் காட்சியிலிருந்து தொடங்கலாம். 1985இன் நடுப்பகுதி. தொலைவில் கேளிக்கைப் பூங்காவின் ராட்டினம் சுழல்வது தெரியும் தம் அலுவலக அறையில் குரோவ் கார்டன் மூருடன் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். நம் இருவரையும் வெளியே தள்ளிவிட்டு இயக்குநர் குழு புதிய தலைவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்கிறார். நினைவகத் தொழிலிலிருந்து வெளியேறுவார் என்று மூர் தயங்காமல் பதில் சொல்கிறார். அதை நாமே ஏன் செய்யக்கூடாது என்பது குரோவின் அடுத்த கேள்வி.

இக்காட்சியை ‘தலைமைச் செயல் அதிகாரி குரோவின் துணிவு’ என்று எழுதுவோர் ஓர் எளிய உண்மையைத் தாண்டிப் போகிறார்கள். அன்று அந்தப் பதவியில் இருந்தவர் மூர். 1975 முதல் 1987 வரை அவரே தலைமைச் செயல் அதிகாரி. குரோவ் நிறுவனத்தின் ‘பிரெசிடென்ட்’, அதாவது மூருக்கு அடுத்த இடம். உரையாடலில் வெளியேற வேண்டும் என்ற விடையைச் சொல்பவரும் மூர்தான். 1987க்குப் பின் அப்பதவியில் குரோவ் ஈட்டிய புகழ் 1985க்குப் பின்னோக்கிப் பாய்ந்திருக்கிறது. பதவிக்கு உரிய பெருமையை அளக்க வந்தவர்கள் பதவியில் இருந்தவர் யாரென்பதையே கவனிக்கவில்லை என்றால், அந்த அளவுகோலை நம்பத் தயங்க வேண்டியிருக்கிறது.

இதைவிட முக்கியமானது அதே நூலின் மற்றொரு பகுதி. இன்டெல்லில் உற்பத்தித் திட்டமிடுவோரும் நிதிப் பிரிவினரும் கூடி, எந்த ஆலையின் திறனை எந்தச் சில்லுக்கு ஒதுக்குவது என்று தீர்மானித்து வந்தார்கள். ஒரு சிலிக்கான் வேஃபரிலிருந்து எது கூடுதல் லாபம் தருமோ அதற்கே முன்னுரிமை என்பது விதி. ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியில் டிரேம் விலை சரியச் சரிய, வேஃபர்கள் சிறிது சிறிதாக நுண்செயலிப் பக்கம் நகர்ந்தன. மேலிடம் முடிவெடுத்த வேளையில் எட்டு ஆலைகளில் ஒன்று மட்டுமே நினைவகச் சில்லு செய்துகொண்டிருந்தது. மேலிடம் பழைய நம்பிக்கைகளில் சிக்கிக் கிடந்தபோது இவர்கள் எண்களைப் பார்த்து நடந்தார்கள் என்று குரோவே ஒப்புக்கொள்கிறார். நடந்து பதினோராண்டு கழித்து, புகழின் உச்சியில், மேலாளர்களுக்குப் பாடம் சொல்ல எழுதிய நூல் இது. தற்பெருமைப் பகுதிகளை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். ஆனால் தம் பெருமையைத் தாமே குறைத்துக்கொள்ளும் இந்தப் பகுதிக்குச் சான்று மதிப்பு மிகுதி.

அப்படியானால் எதிர்த்தரப்பு வென்றுவிட்டதா? அதுவும் இல்லை. ஒதுக்கீட்டு விதியால் ஒரு தொழிலைப் பட்டினி போட முடிந்தது. முடித்து வைக்க முடியவில்லை. நினைவகமே தொழில்நுட்பத்தை முன்னிழுக்கும் பொருள், முழு வரிசைச் சரக்கும் இல்லாமல் விற்பனையாளர் வாடிக்கையாளரிடம் போக முடியாது என்ற இரு கொள்கைகள் நிறுவனத்தில் வேதவாக்காக இருந்தன. ஆலைகள் நுண்செயலிக்கு மாறிய பிறகும் டிரேம் ஆய்வு ஓடிக்கொண்டிருந்தது. வெளியேறும் பொறுப்பை ஏற்ற மேலாளர், விற்கும் எண்ணமே இல்லாத ஒரு நினைவகச் சில்லுக்கான ஆய்வைத் தொடரக் குரோவிடமே இசைவு பெற்றதாக நூல் சொல்கிறது. பேசியது 1985 நடுவில்; செய்து முடிக்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. இந்த ஓராண்டு வேலை எந்தக் கணக்கு அட்டவணையும் தானாகச் செய்திருக்கக் கூடியதன்று. விதியை வகுத்ததும், நட்டத் தொழிலுக்காக அதை வளைக்காமல் விட்டதும் மேலிடத்தின் செயல்களே. எனினும் இவை வீரச் செயல்கள் அல்ல. கைகட்டி இருந்ததற்கான பெருமை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இரு தரப்பும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. டிரேமிலிருந்து வெளியேறியதுதான் இன்டெல்லின் வெற்றிக்குக் காரணமா? அந்த ஆண்டுகளில் வெளியேறியது இன்டெல் மட்டுமன்று. மோஸ்டெக், நேஷனல் செமிகண்டக்டர், மோட்டரோலா எல்லாம் விலகின. வெளிச்சந்தைக்கு விற்ற அமெரிக்க நிறுவனங்களில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், மைக்ரான் போன்ற மிகச் சிலவே களத்தில் நின்றன. பலரும் எடுத்த முடிவு ஒருவரின் தனி வெற்றியை விளக்காது. இன்டெல்லிடம் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. 1981இல் ஐபிஎம் தன் தனிநபர் கணினிக்கு இன்டெல்லின் 8088ஐத் தேர்ந்தது. 1982இல் 25 கோடி டாலருக்கு இன்டெல்லின் 12 விழுக்காட்டுப் பங்கையும் வாங்கியது. அக்கணினி அவ்வளவு விற்கும் என்று சில்லை வாங்கிய ஐபிஎம்மும் விற்ற இன்டெல்லும் எதிர்பார்க்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பின்னாளில் காக்கைக்கு மாலை போடுகிறார்கள்.

தலைமையின் பங்கைத் தேட வேண்டிய இடம் வேறு. 1985 அக்டோபரில் வெளிவந்த 386 நுண்செயலியை வேறு எவருக்கும் உரிமம் தராமல் தானே செய்து விற்பதென இன்டெல் தீர்மானித்தது. அதுவரை வாங்குவோர் இரண்டாவது உற்பத்தியாளரைக் கேட்டுப் பெறுவது தொழில் வழக்கம். முந்தைய தலைமுறைச் சில்லுகளைப் போட்டியாளரான ஏஎம்டியும் செய்தது. பெரிய வாடிக்கையாளரான ஐபிஎம்மின் தயக்கத்தையும், தேவை முழுவதையும் தன் ஆலைகளே ஈடுகட்ட வேண்டிய சுமையையும் இன்டெல் ஏற்றது. 1986இல் காம்பேக் நிறுவனம் 386 கணினியை முந்திக்கொண்டு வெளியிட்டதால் அத்துணிவு பலித்தது. ஏஎம்டியின் 386 சந்தைக்கு வர 1991 ஆயிற்று. வேஃபர் லாபக் கணக்கு எதுவும் இம்முடிவைப் பரிந்துரைத்திருக்க முடியாது. அது மேலிருந்துதான் வர முடியும், மேலிருந்தே வந்தது.

ஒற்றை நிறுவனத்தை வைத்துப் பொதுவிதி காணலாமா என்று கேட்கப்படும். காணவில்லை, பொதுவிதிக்குச் சான்றாக வைக்கப்பட்ட ஒரு வழக்கைத்தான் சோதித்தோம். பல நிறுவனங்களின் லாபத்தைத் தலைவர்வாரியாகப் பகுத்து விழுக்காடு சொல்லும் முறை இச்சிக்கலைத் தீர்க்கும் என்பாரும் உண்டு. மூர் பதவியில் இருந்த ஆண்டில் குரோவின் பெயரில் நிற்கும் முடிவு யாருடையது என்பதைக் கூட அம்முறை பிரித்துக் காட்டாது என்பதால் அதை இங்கே நீட்டத் தேவையில்லை.

கீழ்மட்ட விதிகள் தாமே செய்துவிடும் மாற்றத்துக்குத் தலைவருக்குப் பெருமை இல்லை. சந்தை தந்த நல்வாய்ப்புக்கும் இல்லை. அட்டவணை சொல்லாத ஒன்றை இழப்பின் அபாயத்தோடு மேலிடம் செய்த இடத்தில் மட்டுமே அவருக்குப் பெருமை உண்டு. இந்தக் கணக்கில் இன்டெல் தலைமைக்கு 386 உரிம மறுப்பு வரவாகும். டிரேம் வெளியேற்றம் பெரிதும் கழிந்துபோகும்.