சுவரோடு பிணைத்த பீரோ
திருவாலங்காடு வட்டாரத்தின் பழைய மண்சுவர் வீடுகளில் கவிழும் அளவுக்கு உயரமான சாமான் அரிது. விளக்குக்கு மாடம், பானைக்கு உறி, துணிக்குத் தாழ்வான மரப்பெட்டி. தடித்த சுவரே அலமாரி. அந்த ஏற்பாட்டின் பாதுகாப்பு இன்றும் மதிக்கத்தக்கது.

கோத்ரெஜ் 1923இல் இரும்பு பீரோ செய்யத் தொடங்கியது. நாளடைவில் பீரோ சீர்வரிசையிலும் இடம்பிடித்தது. ஆளுயரம், ஒன்றரை அடி ஆழம்: கனத்த கதவைத் திறந்தாலோ, அடித்தட்டில் குழந்தை ஏறினாலோ பாரம் முன்னால் சாய்கிறது. நிலம் அதிர்ந்தாலும் பீரோ கவிழலாம்: 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலில் உண்டான நிலநடுக்கம் சென்னையையும் உலுக்கியது. மறு ஆண்டே சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

கவிழாமலிருக்கப் பீரோவைச் சுவரோடு பிணைக்க வேண்டும். சுவரைக் குடைந்து மரத்துண்டை இறுக்கி, அதில் ஆணி அடிப்பதே தச்சரின் பழைய முறை. லண்டனில் ஜான் ராலிங்ஸ் 1911இல் காப்புரிமை பெற்ற ராவல்பிளக் அந்த வேலையைச் சுருக்கியது. திருகு ஏற ஏற பிளக் விரிந்து துளையை இறுகப் பற்றும். ஆனால் பிடிப்பு பூச்சில் நின்றுவிடக் கூடாது. துளை செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். பீரோவின் மேல்விளிம்பில் இரண்டு எல் வடிவ இரும்புப் பட்டைகளைத் திருகி, சுவரோடு முடுக்கினால் போதும்.