உலர் தெளிப்பான் அமைப்பின் வடிவமைப்புப் பரப்பு

உலர் தெளிப்பான் அமைப்பின் வடிவமைப்புப் பரப்பு என்பது, குழாய்களில் நீருக்குப் பதிலாக அழுத்தக் காற்று நிரப்பப்பட்ட தானியங்கித் தீயணைப்பு அமைப்பில், ஒரு தீயின்போது ஒருசேரத் திறக்கக்கூடும் என்று கொள்ளப்படும் தெளிப்பான்கள் அடங்கிய தரைப்பரப்பு ஆகும். ஸ்பிரிங்க்ளர் என்று பரவலாக அறியப்படும் இத்தெளிப்பான்களுக்கு வேண்டிய நீரோட்டம், பம்பு, நீர்த்தொட்டி ஆகியவற்றின் அளவு இப்பரப்பிலிருந்தே கணிக்கப்படுகிறது. கட்டடம் முழுவதும் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. நீர் சென்றடைய மிகக் கடினமான பகுதியே தேர்ந்தெடுக்கப்படும்.

பரப்பு கூடுவதன் காரணம்

ஈர அமைப்பில் தெளிப்பான் திறந்தவுடன் நீர் பாய்கிறது. உலர் அமைப்பில் முதலில் காற்று வெளியேற வேண்டும். அழுத்தம் குறைந்து வால்வு திறந்த பின்னரே வெற்றுக் குழாய்களில் நீர் ஓடி வரும். இவ்விடைவெளியில் தீ வளர்ந்து மேலும் பல தெளிப்பான்களைத் திறந்துவிடும். எனவே அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ 13 நெறிமுறை, ஈர அமைப்புக்குரிய பரப்பை 30 விழுக்காடு கூட்டச் சொல்கிறது. ஐரோப்பிய இ.என் 12845 நெறிமுறை உயர் இடர் உற்பத்திக் கூடங்களுக்கு 260 ச.மீ. பரப்பை 325 ச.மீ. ஆக்குகிறது, இது 25 விழுக்காடு உயர்வு.

மிகை இடர்க் கணக்கு

நுரைப்பஞ்சு கொண்டு சோபா தைக்கும் கூடங்கள், மர அறுவை ஆலைகள், எளிதில் தீப்பற்றும் மை பயன்படுத்தும் அச்சகங்கள் ஆகியன என்.எஃப்.பி.ஏ 13-இல் மிகை இடர் முதற் பிரிவில் அடங்கும். இங்கு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நிமிடத்துக்கு 12.2 லிட்டர் நீர், 232 ச.மீ. பரப்புக்குத் தேவை.

உலர் அமைப்பில் பரப்பு: 232 × 1.3 = 302 ச.மீ.
நீரோட்டம்: 302 × 12.2 = நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,684 லிட்டர்.

ஒரு தெளிப்பானுக்கு 9.3 ச.மீ. எனக் கொண்டால் 33 தெளிப்பான்கள் வரும். ஈர அமைப்பில் இது 25 மட்டுமே. பரப்பைச் செவ்வகமாக வரையும்போது கிளைக்குழாய்க்கு இணையான பக்கம், பரப்பின் வர்க்கமூலத்தைப் போல் 1.2 மடங்குக்குக் குறையக் கூடாது. இங்கு அது 20.9 மீட்டர்.

நீரோட்ட வேறுபாடு நிமிடத்துக்கு 854 லிட்டர். 90 நிமிடத்துக்குச் சேமிக்க வேண்டுமெனில் தொட்டியில் ஏறத்தாழ 77,000 லிட்டர் கூடுதலாக வேண்டும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஆறுக்கும் மேல். இட நெருக்கடி மிகுந்த தியாகராய நகரில் இது சிறிய செலவன்று.

உயர் வெப்பநிலைத் தெளிப்பான்களைப் பொருத்தினால் மிகை இடரில் பரப்பை 25 விழுக்காடு குறைக்கலாம். ஆயினும் 186 ச.மீ.க்குக் கீழே போகக் கூடாது. பரப்பைக் கூட்டியதால் மட்டும் தாமதம் ஈடாகிவிடாது. நீர் வந்துசேரும் நேரத்தைக் கணித்துக் காட்டும் முறையில், மிகத் தொலைவிலுள்ள நான்கு தெளிப்பான்கள் திறந்த நிலையில் 45 நொடிக்குள் நீர் எட்ட வேண்டும்.

சென்னையில் பயன்பாடு

உலர் அமைப்பு அடிப்படையில் குளிருக்கான ஏற்பாடு. குழாய் செல்லும் இடத்தின் வெப்பநிலை 4 பாகை செல்சியசுக்குக் கீழ் போகும் இடங்களிலேயே அது தேவைப்படும். சென்னையில் குளிர்பதன அறைகள் அத்தகையவை. மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் ஆகிய பகுதிகளின் கடைகளுக்கு ஈர அமைப்பே பொருத்தமானது. இந்தியாவில் இதற்கு ஐ.எஸ் 15105 நெறிமுறை உண்டு. குழாய் கசிந்து பட்டுப்புடவைகள் நனையும் என்று அஞ்சி உலர் அமைப்பை நாடுவது, தீயின்போது நீரைத் தாமதப்படுத்துவதாகும். தீ உணரி இயங்கினாலே குழாயில் நீர் நிரம்பும் ஒற்றைப் பூட்டு முன்செயல் அமைப்பு அதற்கு ஏற்றது. அதற்கு 30 விழுக்காட்டு உயர்வும் இல்லை.

துணிக்கடைத் தீ எவ்வளவு நீடிக்கும் என்பதற்கு, 2017 மே 31 அன்று தியாகராய நகர் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் மூண்ட தீ ஒரு சான்று. அடர்ந்த புகையால் வீரர்கள் உள்ளே செல்வது கடினமானது. தீ ஒரு நாளைக்கும் மேல் எரிந்தது. மறுநாள் அதிகாலை கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது; எஞ்சியது பின்னர் இடிக்கப்பட்டது. என்.எஃப்.பி.ஏ வகைப்பாட்டில் துணிக்கடை சாதாரண இடரின் இரண்டாம் பிரிவிலேயே வரும். ஆனால் சரக்கு 12 அடிக்கு மேல் அடுக்கப்பட்டால் அவ்வகைப்பாடு செல்லாது; கிடங்குகளுக்கான தனி விதிகளின்படியே கணக்கிட வேண்டும்.