வெம்பிளிக்கு வராத அணி

1966 ஜூலை 26. லண்டன் வெம்பிளி மைதானத்தில் உலகக் கோப்பை அரையிறுதி. இங்கிலாந்து இரண்டு கோல் முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கையில் போர்ச்சுகலுக்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது. அந்தத் தொடரில் அதுவரை ஒரு கோலும் விடாத கோர்டன் பேங்க்ஸைத் தாண்டிப் பந்தை வலைக்குள் செலுத்துகிறார் யூசேபியோ. அது போதவில்லை, 2-1 எனத் தோற்றுக் கண்ணீரோடு வெளியேறுகிறார். ஒன்பது கோல்களோடு அந்தத் தொடரில் முதலிடம் பிடித்த அவர் பிறந்தது மொசாம்பிக்கில். போர்ச்சுகல் அணித் தலைவர் கொலுனாவும் அந்த மண்ணைச் சேர்ந்தவரே. ஆனால் ஆப்பிரிக்க நாடு ஒன்றின் சட்டையை அணிந்து அங்கே ஒருவர்கூட ஆடவில்லை. முந்தைய நவம்பரில் ஆப்பிரிக்கக் கோப்பையை இரண்டாம் முறையாக வென்றிருந்த கானாவின் 'பிளாக் ஸ்டார்ஸ்' அணி ஊரிலேயே இருந்தது. யாரும் அதைத் தடுக்கவில்லை, தானாகவே விலகியிருந்தது. அந்த அணி வென்ற கோப்பைகளைவிட, ஆட மறுத்த இந்த முடிவே ஆப்பிரிக்கக் கால்பந்தின் போக்கை அதிகம் மாற்றியது என்பதே என் வாதம்.

கணக்கைப் பார்த்தால் கோபத்தின் காரணம் விளங்கும். மொத்தம் 16 இடங்கள். போட்டியை நடத்திய இங்கிலாந்தையும் சேர்த்து ஐரோப்பாவுக்குப் பத்து, தென் அமெரிக்காவுக்கு நான்கு, வட, நடு அமெரிக்காவுக்கு ஒன்று. மிஞ்சிய ஒரே இடத்துக்கு ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றும் மோத வேண்டும். ஆப்பிரிக்காவில் பல சுற்று ஆடி முதலாவதாக வந்தாலும், அடுத்த கண்டத்தின் வெற்றியாளரையும் வீழ்த்தினால்தான் இங்கிலாந்துக்கு விமானம் ஏறலாம். கானாவின் விளையாட்டுத் துறை இயக்குநர் ஓஹெனே ஜான் ஃபிஃபா நிர்வாகக் குழுவிலும் இருந்தவர். குறைந்தது ஓர் இடமாவது ஆப்பிரிக்காவுக்குத் தனியாக வேண்டும் என்று அவர் தந்தி அடித்தார். ஃபிஃபா அசையவில்லை. இதற்கிடையே, நிறவெறிக்காக இடைநீக்கம் செய்யப்பட்ட தென்னாப்பிரிக்காவை ஆங்கிலேயரான ஃபிஃபா தலைவர் ஸ்டான்லி ரௌஸ் 1963-இல் மீண்டும் சேர்த்துக்கொண்டதும் மனக்கசப்பை வளர்த்திருந்தது. தென்னாப்பிரிக்கா நீங்கலாக, பெயர் கொடுத்திருந்த 15 ஆப்பிரிக்க அணிகளும் விலகின.

தரம் போதாதபோது இடம் கேட்பது நியாயமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வியும் அல்ல. 1974 உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவின் ஜயர் அணி யூகோஸ்லாவியாவிடம் 9-0 எனத் தோற்றதை இன்றும் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் 1962-இல் ரியல் மாட்ரிட் அக்ராவுக்கு வந்தபோது கானா 3-3 எனச் சமன் செய்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் எகிப்து நான்காம் இடம் வரை சென்றது. அவை நட்பு ஆட்டம், அமெச்சூர் போட்டி என்று தள்ளினாலும் ஒரு பதில் 1966-இலேயே இருக்கிறது. ஆப்பிரிக்கா விலகியதால் காலியான பாதையில், ஆஸ்திரேலியாவை மட்டும் வென்று வந்த வட கொரியாவை யாரும் பொருட்படுத்தவில்லை. அது இத்தாலியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காலிறுதிக்குப் போனது. நீச்சல் தெரிந்தால்தான் குளத்தில் இறங்கலாம் என்றால் எவரும் நீச்சல் பழக முடியாது.

விலகியதால்தான் இடம் கிடைத்ததா, விடுதலை பெற்ற நாடுகளின் வாக்குகள் பெருகியதாலா என்றும் கேட்கலாம். வாக்குகளின் பங்கு பெரிதுதான். 1974-இல் ரௌஸ் பதவியிழந்ததற்கும் அவை முக்கியக் காரணம். ஆனால் வாக்கு வைத்திருப்பவர்கள் ஒரே குரலில் பேச ஒரு காரணம் வேண்டும். அதைப் புறக்கணிப்பு கொடுத்தது. விலகல் மட்டுமே எதையும் சாதிக்காது என்பதற்கு நம் நாடே உதாரணம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில், இன்று தமிழ்க் கடைகள் நிறைந்திருக்கும் இல்ஃபர்டில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியா பிரான்ஸிடம் 2-1 என்றுதான் தோற்றது. நமக்காக கோல் அடித்தவர் சாரங்கபாணி ராமன். கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் வீணாக்காமல் இருந்திருந்தால் முடிவே மாறியிருக்கும். அப்படிப்பட்ட அணி 1950 உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தும் போகவில்லை. அந்த விலகலில் கோரிக்கை ஏதுமில்லை. அதனால் பலனும் இல்லை. கானா எதற்காக விலகுகிறோம் என்பதை எண்ணிக்கையோடு சொன்னது, கண்டம் முழுவதையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டது. ஃபிஃபா முதலில் அபராதம் விதித்தது. 1968-இல் ஆப்பிரிக்காவுக்குத் தனியாக ஓர் இடத்தை ஒருமனதாக ஒதுக்கியது.

இதற்கான விலையையும் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது. ஓசேய் கோஃபி போன்ற அந்தத் தலைமுறைக் கானா ஆட்டக்காரர்கள் உலகக் கோப்பையில் காலடி வைக்காமலே ஓய்வு பெற்றார்கள். போராடிப் பெற்ற முதல் இடத்தில் 1970-இல் ஆடியது மொராக்கோ. கானா உலகக் கோப்பைக்குள் நுழைந்தது 2006-இல்தான். முடிவெடுத்தவர்கள் அதிகாரிகள், இழந்தவர்கள் ஆட்டக்காரர்கள் என்ற குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் கெஞ்சிக் கேட்டபோது தராததை, இல்லாமல் இருந்து காட்டியபோது தந்தார்கள் என்பதும் உண்மை. 2022-இல் மொராக்கோ அரையிறுதி வரை போனதையும், 48 அணிகள் ஆடும் 2026 போட்டியில் ஆப்பிரிக்காவுக்கு ஒன்பது நேரடி இடங்கள் ஒதுக்கப்பட்டதையும் எழுதுகிறவர்கள், கணக்கை 1966-இலிருந்தே தொடங்க வேண்டும்.